கப்பலில் இருந்தவர் பெயரில் ஒரு கோப்பு

காலையில் நான் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் மேசைத் தொலைபேசி அடித்துவிடும். எதிர்முனையில் யாராக இருந்தாலும் சொல்வது ஒன்றுதான். "பையா, ஃபைல் நஹி குல் ரஹா." வங்காளி பாபு கூப்பிட்டாலும், தெலுங்கு டைப்பிஸ்ட் கூப்பிட்டாலும், வீட்டில் மதுரைத் தமிழ் பேசுகிற நம் ஆட்களே கூப்பிட்டாலும், ஃபைல் திறக்கவில்லை என்கிற இந்த ஒரு வாக்கியம் மட்டும் இந்தியில்தான் வரும். போர்ட் பிளேரில் அலுவலகத் துன்பங்களுக்கு அது பொதுமொழி. பதினோரு வருடமாக ஏதோ ஒரு ஃபைல் திறந்தபாடில்லை.

நான் அந்த அரசு அலுவலகத்தின் கணினி ஆள். ஒப்பந்த ஊழியன். வருடா வருடம் ஒரு நீட்டிப்பு உத்தரவு வரும், அதில் போட்ட தேதி வரை நான் இருப்பேன். நிரந்தர ஊழியர்களின் கணினிகளை எல்லாம் நிரந்தரமில்லாத ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதில் யாருக்கும் சிரிப்பு வந்ததில்லை, எனக்கும் ஓரிரு வருடத்துக்குப் பிறகு வரவில்லை.

ஃபைல் ஏன் திறக்காது என்பதைப் பதினோரு வருடத்தில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு பிரிவுக்கும் சர்வரில் ஒரு பொது ஃபோல்டர் உண்டு. பிரிவில் ஆறு பேர் இருந்தால் ஆறு பேரும் அதில் வேலை செய்யலாம். ஆனால் யார் ஒரு கோப்பைக் கடைசியாகச் சேமிக்கிறாரோ, கோப்பு அவர் பெயருக்குப் போய்விடும். மற்றவர்கள் பார்க்கலாம், கை வைக்க முடியாது. மூன்று குடித்தனத்துக்குப் பொதுவான குளியலறையில் கடைசியாகக் குளித்தவர் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போவது மாதிரி. நான் போய், பூட்டைத் திறந்து, அடுத்தவரை உள்ளே விட்டு வருவேன். அவர் குளித்துவிட்டு அதே மாதிரி பூட்டிக்கொண்டு போவார். நாளைக்கு மறுபடி தொலைபேசி.

இதற்கு ஒரு நிரந்தரத் தீர்வு இருந்தது. ஃபோல்டரின் மேல் ஒருமுறை சரியான விதியை வைத்துவிட்டால், அதற்குள் உருவாகும் ஒவ்வொரு கோப்பும் பிரிவு முழுவதற்கும் பொதுவாகவே உருவாகும். யார் பெயரில் இருந்தாலும் எல்லோரும் திறக்கலாம், எழுதலாம். ஒரு பிரிவுக்கு அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரம் எனக்கு வருடக்கணக்காகக் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. ஒவ்வொரு நாளும் பத்துப் பூட்டைத் திறந்துவிட்டு, மாலையில் விமான நிலையத்தை ஒட்டிய பத்துபஸ்தியில் இருக்கும் வீட்டுக்கு வந்து, தலைக்கு மேல் விமானம் இறங்குகிற சத்தத்தில் டீ குடிக்கும்போது, நாளைக்குப் பூட்டே இல்லாமல் செய்துவிடலாம் என்று தோன்றும். மறுநாள் காலை அந்த எண்ணம் இருக்காது. அலுத்துப்போனவனுக்குச் சின்ன வேலைகள்தான் சௌகரியம்.

எங்கள் அலுவலகத்தில் இன்னொரு வழக்கம் இருந்தது. வேறு ஊர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். யார் மெயின்லேண்டுக்கு விடுப்பில் கிளம்பினாலும், தன் கணினியின் பாஸ்வேர்டை ஒரு துண்டுத் தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் கப்பலேறுவார். திரும்பும் தேதி என்பது இங்கே ஒரு ஆசை மட்டும்தான். துறைமுகத்தில் புயல் சிக்னல் ஏற்றினால் கப்பல் நிற்கும், எஞ்சின் பழுதானால் நிற்கும், இரண்டு வாரம் என்று போனவர் மூன்று வாரம் கழித்து வருவார். அதுவரை அவர் ஃபைல் பூட்டிக்கிடந்தால் வேலை எப்படி நடக்கும்? பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக்கூடாது என்று எழுதிய சுற்றறிக்கையும் அதே கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கும். நான் கண்டித்திருக்க வேண்டும். கண்டித்தால் விடுப்பில் போன ஒவ்வொருவர் கோப்பையும் நான்தான் திறந்துவிட வேண்டியிருக்கும். அதனால் கண்டும் காணாமல் இருந்துவிட்டேன்.

குவார்ட்டர்ஸ் பிரிவில் ஒரு அக்கா இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம், போர்ட் பிளேரிலேயே கராச்சர்மாவில் வீடு. கணவர் மீன்பிடி டிங்கிப் படகுகளுக்கு எஞ்சின் பழுது பார்ப்பவர். ஒரே மகள், பிளஸ் டூ. ஊழியர் குடியிருப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்களின் பட்டியலை வைத்திருப்பது அக்காவின் வேலை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் மாதா படமும், மகளின் பள்ளிப் படமும், கப்பல் கால அட்டவணையும் இருக்கும். அந்த அலுவலகத்தில் ஃபைல் திறக்கவில்லை என்று என்னைத் தமிழில் கூப்பிட்ட ஒரே ஆள் அவர். "தம்பி, மறுபடி அடம்பிடிக்குதுய்யா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

தங்கை மகள் கல்யாணத்துக்காக அவர் இரண்டு வார விடுப்பில் கப்பலேறினார். கிளம்பி இரண்டு நாள் கழித்து அவருடைய பிரிவிலிருந்து ஒரு புதிய எழுத்தர் கூப்பிட்டார். காத்திருப்போர் பட்டியலைத் திறந்தால் ஏதோ எச்சரிக்கை வருகிறதாம், ஒருவருடைய வரிசை எண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். பார்க்கத்தானே, ஓகே அழுத்துங்கள் என்றேன். அப்படியே என் திரையில் அந்தக் கோப்பின் விவரத்தையும் பார்த்தேன். உரிமையாளர் இடத்தில் அக்காவின் பெயர். கடைசியாகச் சேமித்தது முந்தைய நாள் மாலை. முந்தைய நாள் மாலை அக்கா வங்காள விரிகுடாவின் நடுவில் இருந்தார். கப்பலிலிருந்து நீந்தி வந்து சேமித்துவிட்டுப் போனாரா என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். கண்ணாடிக்கு அடியில் சீட்டு இருக்கும், யாரோ அவர் பெயரில் உள்ளே போய் ஏதோ திருத்தியிருப்பார்கள். தினமும் நடப்பதுதான். அந்தப் பட்டியலில் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் புதுப் பெயர் ஏறும், இடையில் யாருக்கு அதில் என்ன வேலை என்று நான் யோசிக்கவில்லை. திரையை மூடிவிட்டேன்.

கப்பல் நான்கு நாள் தாமதமாகி அக்கா திரும்பி வந்தார். எனக்கு ஒரு பொட்டலம் மக்ரூன் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வாரத்து வெள்ளிக்கிழமை குவார்ட்டர்ஸ் பிரிவிலிருந்து மட்டும் ஒன்பது முறை தொலைபேசி வந்தது. ஒன்பதாவது முறை எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. எல்லோரும் வீட்டுக்குப் போகிற நேரத்தில், அந்தப் பிரிவின் ஃபோல்டரை முழுவதுமாக இன்னொரு இடத்துக்கு நகலெடுத்தேன். நகலெடுத்தால் எல்லாம் புதுக் கோப்பு, புதுக் கோப்பு எல்லாம் என் பெயரில். அதன் மேல் யாரும் எழுதலாம் என்று ஒரே வரியில் அனுமதி கொடுத்தேன். டிஸ்க்கில் இடம் இல்லாததால் பழைய ஃபோல்டரை அழித்தேன். வாராந்திரக் காப்பு நகலின் மேலும் இந்தப் புதியதையே ஏற்றினேன். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. சரியான வழியில் செய்திருந்தால் அரை மணி நேரம். பத்து நிமிடம் மிச்சம் பிடித்தேன்.

திங்கட்கிழமை தொலைபேசி அடிக்கவேயில்லை. கெட்டிக்காரன்தான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். நகலெடுக்கும்போது பழைய தேதிகளையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லவில்லை என்பது அன்றைக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. குவார்ட்டர்ஸ் பிரிவின் ஆயிரக்கணக்கான கோப்புகளும் அந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் பிறந்தவையாகிவிட்டிருந்தன.

ஒரு மாதம் கழித்து துறைமுகப் பக்கம் ஹேடோவில் நான்கு குவார்ட்டர்ஸ் காலியாகி, பட்டியலின் முதல் நான்கு பேருக்கு ஒதுக்கீடு வந்தது. உத்தரவை ஒட்டிய அன்று மதியமே ஒரு டிரைவர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்குப் போனார். அறிவிப்புப் பலகையில் முன்பு ஒட்டியிருந்த பட்டியலை அவர் படம் எடுத்து வைத்திருந்தார். அதில் அவர் நான்காவது. இப்போது ஐந்தாவது. முன்பு பத்தொன்பதாவது இடத்தில் இருந்த ஒருவர் நடுவில் இருந்த அத்தனை பேரையும் தாண்டி நான்காவது இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஒதுக்கீடு நிறுத்தப்பட்டது. பட்டியல் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். அக்கா பொறுப்பு.

விசாரணைக்கு வைத்த அதிகாரி கெட்டவர் அல்ல. எதையும் தாளில் பார்த்தால்தான் நம்புவார், அவ்வளவுதான். தான் ஊரில் இல்லாதபோதுதான் பட்டியல் மாறியிருக்க வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். கணினி எந்தத் தேதியைச் சொல்கிறது என்று பார்த்துவிடலாம் என்று அதிகாரி என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் அவர் எதிரிலேயே அந்தக் கோப்பின் விவரத்தைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை மாலை. அக்கா திரும்பி வந்து இருக்கையில் உட்கார்ந்திருந்த வாரம். உரிமையாளர் இடத்தில் என் பெயர் இருந்தது, கணினி ஆளின் பெயர்தானே என்று அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கடலின் நடுவில் சேமிக்கப்பட்ட அந்தத் தேதி அந்த நொடியில் எனக்குத் தெளிவாக ஞாபகம் வந்தது. அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான், அழித்தவனும் நான்தான். அதிகாரி கேட்டார், "யஹி தாரீக் ஹை?" இதுதானா தேதி என்று. "கம்ப்யூட்டர் காட்டுறது இதுதான் சார்" என்றேன். பொய் இல்லை. அச்செடுத்துக் கொடுத்து, கேட்ட இடத்தில் கையெழுத்தும் போட்டேன். அவருடைய மேசையில் இடப்பக்கம் ஒப்பந்த நீட்டிப்புக் கோப்புகள் அடுக்கியிருந்தன. மேலிருந்து மூன்றாவதில் என் பெயர் இருந்தது.

அன்றிலிருந்து இரண்டு வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு ஆயிரம் காரணம் வைத்திருந்தேன். நான் பார்த்ததற்குச் சாட்சி இல்லை. சொன்னால் நானே ஆதாரத்தை அழித்தேன் என்றும் ஆகலாம், பத்தொன்பதாம் ஆளிடம் கை நீட்டியவன் நான்தான் என்றும் ஆகலாம். அக்கா நிரந்தர ஊழியர், அவருக்கு என்ன ஆகிவிடப்போகிறது, எனக்கு இந்த மாதம் உத்தரவு வராவிட்டால் அடுத்த மாதம் வேலை இல்லை. டீ குடிக்கும்போது, குளிக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது இதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டிருந்தேன். வேறு எந்த வேலையும் அந்தப் பதினான்கு நாள் அளவுக்கு என்னைக் களைப்பாக்கியதில்லை.

இதற்கிடையில் ஆட்கள் அக்காவின் மேசைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். கேண்டீனில் அவர் தனியாகச் சாப்பிட்டார். மகள் பள்ளியில் யாரோ கேட்டுவிட்டார்களாம். காசு வாங்கிக்கொண்டு வீடு கொடுக்கிறவர் மகள்தானே நீ என்று. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. கேண்டீன்காரர் சொன்னார்.

ஒரு மதியம் அக்காவே என் அறைக்கு வந்தார். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து கப்பல் டிக்கெட்டை எடுத்தார். போனதும் வந்ததும் இரண்டும். மடிப்புகளை உள்ளங்கையால் தேய்த்து நேராக்கினார். இதை ஸ்கேன் பண்ணி விசாரணை அதிகாரிக்கு அனுப்ப வேண்டும், தனக்குச் செய்யத் தெரியவில்லை என்றார்.

நான் ஸ்கேனர் கண்ணாடியின் மேல் டிக்கெட்டை வைத்து மூடினேன். வெளிச்சம் ஒருமுறை ஓடியது. இந்த டிக்கெட்டால் பத்துக்காசு பிரயோசனம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் எந்த நாளில் கடலில் இருந்தார் என்பதல்ல இப்போது பிரச்சினை. என் கையெழுத்துப் போட்ட தாள் அவர் இருக்கையில் இருந்த ஒரு வெள்ளிக்கிழமையைக் காட்டுகிறது.

"இதக் காட்டினா போதும்ல தம்பி?" என்று கேட்டார். "நான் ஒண்ணும் பண்ணலைன்னு இதுல தெரிஞ்சிரும்ல?"

"போதும்க்கா" என்றேன்.

அவர் டிக்கெட்டை மறுபடி உறைக்குள் வைத்து, உறையைப் பைக்குள் வைத்து, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். எனக்கு என் மேல் வந்த அருவருப்பை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. நம்பிக் கேட்ட ஒருவரிடம், வாய் கூசாமல், போதும் என்று சொல்லியிருந்தேன்.

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். கணினியில் அடிக்கவில்லை, அடித்தால் எந்த ஃபோல்டரில் வைப்பது என்று வேறு யோசிக்க வேண்டும். கையால் ஒன்றரைப் பக்கம். கப்பல் கிளம்பிய மறுநாள் மாலையில் அந்தக் கோப்பு அக்காவின் பெயரில் சேமிக்கப்பட்டிருந்ததை நான் பார்த்தேன். பாஸ்வேர்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும், எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், நான் தடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்பது நான் நகலெடுத்த தேதி. ஃபோல்டரில் அதற்குப் பிறகு யாரும் தொடாத எல்லாக் கோப்புகளும் அதே தேதியைக் காட்டும், திறந்து பார்த்தால் தெரியும். பழையதை அழித்தது நான். இதை முன்பே சொல்லாதது என் குற்றம். கடைசி வரியை இரண்டு முறை கோடு போட்டு அடித்துவிட்டு மூன்றாம் முறை எழுதினேன்.

மறுநாள் அதிகாரி அதை நின்றபடியே படித்தார். ஃபோல்டரைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். பிறகு திருத்திய சிலவற்றைத் தவிர மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளிக்கிழமை, ஒரே நிமிடங்கள், எல்லாம் என் பெயர். ஐந்தாறு வருடத்துக்கு முந்தைய கடிதங்கள்கூட அந்த வெள்ளிக்கிழமைதான் எழுதப்பட்டிருந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முன்பே ஏன் சொல்லவில்லை என்று இந்தியில் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, அலுப்பாகக் கேட்டார். பதில் அவருடைய மேசையின் இடப்பக்கத்தில் இருந்தது. 

அக்காவின் மேல் இருந்த குற்றச்சாட்டு ஆதாரமில்லை என்று முடிந்தது. டிரைவருக்கு ஹேடோ வீடு கிடைத்தது. பட்டியலைத் திருத்தியவர் யார் என்று தெரியாமலே போனது. எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அதை எழுதமாட்டேன். ஆதாரத்தை அழித்தவனுக்குச் சந்தேகத்தைச் சொல்ல என்ன யோக்கியதை? என் ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்குப் பதில் மூன்று மாதத்துக்கு நீட்டித்தார்கள். இதை ஒரு தண்டனை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆனால் நான் கடிதம் கொடுத்ததற்கு முந்தைய வாரமே வருடாந்திர இடமாற்றப் பட்டியலில் கையெழுத்தாகியிருந்தது. விசாரணையில் இருப்பவர் அதே இருக்கையில் இருக்க வேண்டாம் என்று அக்காவின் பெயரைச் சேர்த்திருந்தார்கள். கேம்பல் பே. தீவுகளின் தெற்குக் கோடி. கப்பல் இருக்கிற நாளில் கிளம்பினாலும் உடனே போய்ச் சேர்கிற இடமில்லை. குற்றச்சாட்டு போய்விட்டதே, இடமாற்றத்தையும் ரத்து செய்யலாமே என்று நானும் மேல்மாடிக்குப் போய்க் கேட்டேன். கையெழுத்தான பட்டியலில் ஒரு பெயரை எடுத்தால் இன்னொரு பெயரைப் போட வேண்டும், அந்த இன்னொருவர் என்ன பாவம் செய்தார் என்று கேட்டார்கள். மகள் பரீட்சை முடிகிற வரை கராச்சர்மாவில் அப்பாவோடு இருப்பாள் என்று முடிவானது. அப்பாவுக்குச் சோறு மட்டும் வைக்கத் தெரியுமாம்.

கடைசி நாளன்று அக்காவின் கணினியை ஒப்படைப்புக்குச் சரிபார்க்க நான் போக வேண்டியிருந்தது. அவர் கண்ணாடியைத் தூக்கி, மாதா படத்தையும் மகள் படத்தையும் எடுத்துக்கொண்டார். கப்பல் அட்டவணையை விட்டுவிட்டார். பாஸ்வேர்டு சீட்டு ஓரத்தில் கிடந்தது. அதை எடுத்து, நான்காக மடித்து, என் கையில் கொடுத்தார். இனி இது தேவைப்படாது என்றேன். என்னமோ, வழக்கம்தானே என்றார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கைப்பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே பேசினார், குரல் ஏறவில்லை.

"நீங்க எழுதிக் குடுத்ததாலதான் எம்பேரு மிஞ்சுச்சு, அத நான் மறக்கல தம்பி. ஆனா அன்னைக்கு அந்தத் தேதிய உங்ககிட்ட கேட்டாங்கல்ல, அன்னைக்கே சொல்லிருந்தா எம்புள்ள கூட இருந்திருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு, ஃபேனை அணைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நான் ஃபேனுக்குக் கீழே அந்தச் சீட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த இரண்டு வாரம் ஒவ்வொரு பிரிவாக உட்கார்ந்து, வருடக்கணக்காகத் தள்ளிப்போட்ட அந்த அரை மணி நேர வேலையைச் செய்து முடித்தேன். மேசை மேசையாகப் போய்க் கண்ணாடிகளைத் தூக்கச் சொல்லி, சீட்டுகளைக் கிழிக்கவைத்தேன். முணுமுணுத்தார்கள். விடுப்பில் போகிறவர் கோப்பு இனி அவர் இல்லாமலே திறக்கும் என்று காட்டியபின் விட்டார்கள். குவார்ட்டர்ஸ் பிரிவில் என் பெயரில் கிடந்த காத்திருப்போர் பட்டியலை அக்காவின் பெயருக்கே திரும்ப மாற்றினேன். தேதியை என்னால் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

போன வாரம் அந்த இருக்கைக்கு வந்திருக்கும் புதியவர் கூப்பிட்டார். பட்டியல் இன்னும் பழைய மேடம் பெயரில் காட்டுகிறதாம். தன் பெயருக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். திறக்கிறதா, எழுத முடிகிறதா என்று கேட்டேன். எல்லாம் முடிகிறது, பெயர் மட்டும்தான் அவருடையது என்றார்.

அது இருக்கட்டும் என்றேன்.